ஊர் நடப்பும் நாட்டு நடப்பும்: உள்ளூர் வானொலிக்கு மறுக்கப்படும் செய்தி உரிமை



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளூர் வானொலி. அதிலும் குறிப்பாக, அது எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று வகுக்கப்பட்டிருக்கும் எல்லை. இந்தியாவில் ஒரு சமுதாய வானொலி நிலையம், நாளை காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது என்று தன் பகுதி மக்களுக்கு அறிவிக்கலாம். ஆனால் அந்தப் பகுதியில் மட்டும் ஏன் அடிக்கடி மின்சாரம் நிற்கிறது, துணைமின் நிலையம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் தந்த உறுதிமொழி என்னவாயிற்று என்று விசாரித்து, அதை ஒரு செய்தியாக ஒலிபரப்ப அதற்கு அனுமதி கிடையாது. முன்னது பொது அறிவிப்பு, பின்னது அரசியல் என்கிறது விதி. ஊர்ப் பிரச்சினையையும் மாநில அரசியலையும் இப்படி இரண்டாகக் கூறுபோட முடியாது என்பதே என் வாதம். கூறுபோடச் சொல்லும் விதி, கேட்பவர்களை அரசின் அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்பவர்களாக மட்டும் வைத்திருக்கிறது. அரசின் முடிவுகளைக் கேள்வி கேட்கும் இடத்துக்கு அவர்களை வரவிடுவதில்லை. ஆகவே அந்த விதி நீங்க வேண்டும்.

இந்த நிலை எப்படி உருவாயிற்று என்று பார்க்கும்போது, சென்னைக்கென்று ஒரு தனி வரலாறு இருப்பது தெரியும். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம், பணமின்றி 1927இல் ஓய்ந்தது. அதன் கருவிகளை ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சி. 1930 முதல் 1938 வரை இந்நகரின் ஒலிபரப்பை நடத்தியது ஓர் உள்ளாட்சி மன்றம்! மாலை வேளைகளில் இசையையும் கதைகளையும் அது ஒலிபரப்பியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் கடற்கரையில் ஒலிபெருக்கியும் வைத்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சி நிலையமும் தொடங்கின. அதன்பின் ஒலிபரப்பு முழுக்க டெல்லியின் பொறுப்பாயிற்று. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 129ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மாகாண அரசுகள் தம் எல்லைக்குள் ஒலிபரப்பு நிலையம் அமைக்க விரும்பினால், மத்திய அரசு தகுந்த காரணமின்றி அதை மறுக்கக்கூடாது என்றது அந்தப் பிரிவு. அந்நிய ஆட்சி எழுதிய சட்டத்திலேயே இருந்த இந்த இடம் நமது அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை. ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 31ஆம் பதிவாக, அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகியவற்றோடு ஒலிபரப்பும் சேர்க்கப்பட்டது. பிரிவினையின் காயம் ஆறாத காலத்தில் நாட்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்ற கவலை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அன்று இறுகிய பிடி, காரணங்கள் மாறிய பிறகும் தளரவில்லை.

அகில இந்திய வானொலி உள்ளூருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகும். 1956இல் யுனெஸ்கோ துணையோடு புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் நடந்த வானொலி மன்றச் சோதனையை உலகமே கவனித்தது. கிராமத்தார் குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டார்கள், விவாதித்தார்கள், தம் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் பால் நியூராத், அந்தக் கிராமங்களில் மக்களின் அறிவு தெளிவாக உயர்ந்திருப்பதைக் கண்டார். அறுபதுகளில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சி, ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சை வட்டாரம் முழுதும் கொண்டுசேர்த்தது. விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். 1984 அக்டோபர் 30இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியது. இவையெல்லாம் வானொலிக்கும் வட்டாரத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு ஆழமாகப் போகக்கூடும் என்பதற்குச் சான்றுகள். ஆயினும் இவற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எந்த நெல்லை நடுவது, எந்த உரத்தைப் போடுவது என்று வானொலி சொன்னது. நெல்லுக்குக் கொள்முதல் விலையை யார் வைத்தார்கள், மேட்டூர் அணையை எப்போது திறப்பது என்று யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவு சரிதானா என்று விவாதிக்கும் களமாக அதே அலைவரிசை வளரவில்லை.

வளராததற்குக் காரணம் நிலையங்களில் பணியாற்றியவர்களின் திறமைக் குறைவு என்று நான் கருதவில்லை. அவர்கள் பேசக்கூடியது எது என்பதை வெளியிலிருந்து வேறு யாரோ வகுத்தார்கள். அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிமுறை, எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்குவதையும், எந்த மாநில அரசையோ மத்திய அரசையோ பகைமையோடு விமர்சிப்பதையும் தடுக்கிறது. படிக்கும்போது இது நியாயமாகத் தோன்றும். ஆனால் விமர்சனத்தில் எது பகை, எது நியாயம் என்று தீர்மானிப்பவர் யார்? 1978இல் பி.ஜி. வர்கீஸ் குழு ‘ஆகாஷ் பாரதி’ என்ற தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. 1990இல் அத்தகைய அமைப்புக்கான பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 2017 ஆகஸ்டில், திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்கார் தம் மாநில மக்களுக்கு ஆற்றவிருந்த விடுதலை நாள் உரையை, மாற்றி அமைத்துத் தந்தால்தான் ஒலிபரப்ப முடியும் என்று பொது ஒலிபரப்பு அமைப்பு கூறிவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு முதலமைச்சரின் பேச்சுக்கே இந்தக் கதி என்றால், ஒரு மீனவப் பெண்ணின் கேள்விக்கோ ஊராட்சி உறுப்பினர் ஒருவரின் முறையீட்டுக்கோ அங்கே எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில்தான் 1995 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முக்கியமாகிறது. கிரிக்கெட் ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில், நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அமர்வு, வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று அறிவித்தது. அதில் அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது என்பது தீர்ப்பின் உட்பொருள். 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் திறந்துவிடப்பட்டது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில் வந்த புதிய கொள்கை, லாப நோக்கமற்ற மக்கள் அமைப்புகளுக்கும் கதவைத் திறந்தது. அதன் வழியே, 2008இல் தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தோன்றியது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை தொடங்கியது. 100 வாட் திறன், 10 கிலோமீட்டர் சுற்றுவட்டம் என்ற சிறிய வட்டத்துக்குள் ஒலிக்கும் இத்தகைய நிலையங்கள் இன்று நாடு முழுதும் சுமார் 500 உள்ளன.

கதவைத் திறந்த அதே 2006 கொள்கை, செய்தி, நடப்பு நிகழ்வு, அரசியல் தன்மை கொண்ட நிகழ்ச்சி எதையும் ஒலிபரப்பக்கூடாது என்று ஒரு தாழ்ப்பாளையும் போட்டது. பிறகு சில தளர்வுகள் வந்தன. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம். தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, உள்ளாட்சி நிர்வாகம் தரும் குடிநீர், மின்சார அறிவிப்புகள் ஆகியவை செய்தி என்ற கணக்கில் வாரா. இந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். நிர்வாகம் மக்களிடம் சொல்ல விரும்புவதெல்லாம் இதில் இருக்கிறது. மக்கள் நிர்வாகத்திடம் கேட்க விரும்புவது எதுவும் இதில் இல்லை.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பாம்பன் மீனவர் குடும்பத்தின் ஓர் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அந்தக் காலத்துக்கான நிவாரணத் தொகையை மாநில அரசு நிர்ணயிக்கிறது. டீசல் மானியம் மாநில, ஒன்றிய அரசுகளின் வரவுசெலவுத் திட்டங்களைப் பொறுத்தது. எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்ட படகுகள் திரும்புவது டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே நடக்கும் பேச்சைப் பொறுத்தது. பவளப்பாறையைக் காப்பது, வலையின் கண்ணளவு, காற்றின் வேகம் ஆகியவற்றை வானொலி பேசலாம். ஆனால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரியுமா என்பதைத் தீர்மானிக்கும் முடிவுகள் எடுக்கப்படும் இடத்தைப் பற்றி அது வாய்திறக்கக்கூடாது. இப்படிப் பிரித்தால் ஒரு விளைவு தவிர்க்க முடியாதது. துன்பம் முழுவதும் தனிமனிதரின் அறியாமையால் வந்ததாகவும், நல்ல ஆலோசனை கிடைத்தால் தீர்ந்துவிடுவதாகவும் காட்சி தருகிறது. கை கழுவச் சொல்லும் நிகழ்ச்சி ஒலிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் ஏன் காலியாக இருக்கிறது என்ற நிகழ்ச்சி ஒலிக்காது. சிக்கனமாக நீர் பயன்படுத்தச் சொல்லலாம். ஆற்று மணலும் நிலத்தடி நீரும் யார் அனுமதியோடு எடுக்கப்படுகின்றன என்று கேட்கக்கூடாது.

உள்ளாட்சியை எடுத்துக்கொண்டால் இந்த முரண் இன்னும் கூர்மையாகும். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சியை ஆட்சியின் மூன்றாம் அடுக்காக்கியது. தமிழ்நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்குப்படி 12,525 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். வரவு செலவு வாசிக்கப்படும், தீர்மானம் நிறைவேறும், வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். இவ்வளவு வெளிப்படையாக நடக்கும் ஒரு கூட்டத்தில் யார் என்ன கேட்டார், தலைவர் என்ன பதில் சொன்னார் என்று அந்த ஊரின் வானொலி அன்று மாலை செய்தியாகச் சொன்னால், நடப்பு நிகழ்வை ஒலிபரப்பியதாக அதன் உரிமத்துக்கு ஆபத்து வரலாம். கூட்டத்துக்குப் போகாதவர்கள் யார்? கூலி வேலையை விட முடியாதவர்கள், வீட்டு வேலையில் கட்டுண்ட பெண்கள், நடமாட முடியாத முதியவர்கள். வானொலியைக் காதில் வைத்துக்கொண்டே கைவேலையைச் செய்ய முடிகிற இவர்களுக்குத்தான் அந்தச் செய்தி முதலில் தேவை.

செய்தி உரிமை தருவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றில் முதலாவது நாட்டுப் பாதுகாப்பு. 2013இல் காமன் காஸ் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் ஒன்றிய அரசு முன்வைத்த வாதமும் இதுவே: சிறு நிலையங்களின் செய்திகளைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை, தீவிரவாத சக்திகள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடும். இந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள் செய்தி அலைவரிசைகள் இரவு பகலாக ஒளிபரப்புகின்றன; யார் அனுப்பியது என்றே தெரியாத செய்திகள் கைபேசியில் வந்து கொட்டுகின்றன. முகவரி, உரிமம், ஒலிபரப்பைப் பதிவுசெய்து பாதுகாக்கும் கடமை, ஊராரின் நேரடிப் பார்வை ஆகிய அனைத்துக்கும் உட்பட்ட ஒரு நிலையம் மட்டும் ஆபத்தானது என்பது பொருந்தவில்லை. அண்டை நாடான நேபாளத்தைப் பாருங்கள். 1996 முதல் 2006 வரை அங்கே மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் உள்நாட்டுப் போர். அதன் நடுவில், 1997இல் ரேடியோ சாகர்மாதா தெற்காசியாவின் முதல் சுதந்திரமான சமுதாய வானொலியாகத் தொடங்கியது, மலைக் கிராமங்களில் நிலையங்கள் பெருகின, செய்தியும் சொல்லின. 2005 பிப்ரவரி 1இல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும், பண்பலை நிலையங்கள் பாட்டு மட்டுமே ஒலிபரப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டே மக்கள் எழுச்சி அவரது நேரடி ஆட்சியை முடித்துவைத்தது. வானொலியில் செய்தியைத் தடைசெய்வது அங்கே மக்களாட்சியைக் காக்கும் வழியாக வரவில்லை. அதைப் பறித்தவரின் ஆயுதமாக வந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. ஊர் என்பது சமத்துவமான இடமன்று. அங்கே சாதி உண்டு, நிலக்கிழமை உண்டு, கட்சிக்காரர் உண்டு. செய்தி உரிமை கொடுத்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் நிலையத்தைக் கைப்பற்றித் தம் புகழையும் பிறர் மீது வெறுப்பையும் பரப்புவார்கள் என்பது அந்த வாதம். ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி 1994இல் இனப்படுகொலையைத் தூண்டியதும், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபெர்டினான்ட் நஹிமானாவைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளி என அறிவித்ததும் வரலாறு. வானொலியால் உயிரையே பறிக்க முடியும் என்பதை மறுக்க இடமில்லை. ஆனால் அந்த நிலையம் ஆட்சி வட்டத்துக்கு நெருக்கமானவர்களால், ஆட்சியின் அரவணைப்பில் நடத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அதிகாரத்துக்கு வேண்டியவர் மட்டும் பேசும்படியான ஏற்பாடுதான் அங்கே கொலைக்கருவியாயிற்று. நம் ஊர்களிலும் செய்தித் தடையால் பெரிய மனிதர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்களுக்குச் சுவரொட்டி இருக்கிறது, மேடை இருக்கிறது, அவர்கள் கட்சிக்குத் தொலைக்காட்சியும் இருக்கிறது. வேறு வழியற்றவர்கள் மாச்சனூர்ப் பெண்களைப் போன்றவர்களே. வெறுப்புப் பேச்சுக்கும் அவதூறுக்கும் தண்டனை தரும் சட்டங்கள் ஏற்கெனவே உள்ளன. நிலைய நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் தலித்துகளுக்கும் கட்டாய இடம், மறுப்புரை கேட்டால் அதே நேரத்தில் ஒலிபரப்பும் கடமை, தேர்தல் காலத்தில் எல்லா வேட்பாளருக்கும் சம நேரம் ஆகிய நிபந்தனைகளைச் சேர்க்கலாம். தவறாகப் பேசுபவரைத் தண்டிக்க வழியிருக்கும்போது, பேசக்கூடிய எல்லோரையும் முன்கூட்டியே வாயடைப்பது நியாயமாகாது.

மூன்றாவதாக, அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யத்தான் அனுமதி இருக்கிறதே என்பார்கள். அதன் மாநிலச் செய்தி அறிக்கை நெடுங்காலமாக நம்பகத்துக்குப் பெயர்பெற்றது. ஆனால் சில நிமிட அறிக்கையில் 38 மாவட்டங்களின் நடப்பும் அடங்குமா? சட்டமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டத்தை அது ஒரு வரியில் சொல்லும்; அந்தச் சட்டம் நாகப்பட்டினத்து உப்பளத் தொழிலாளிக்கு என்ன செய்யும் என்று விளக்க அங்கே நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மாநில அரசியல் மக்களுக்குப் புரிவது, அது தம் தெருவில் என்ன செய்கிறது என்று காணும்போதுதான். அந்த இணைப்பை உள்ளூரில் இருப்பவர்களே செய்ய முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் பண்பலை நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. பாட்டும் விளம்பரமும் முதன்மையான நிலையங்களுக்கு அது பொருந்துமென்றால், சமுதாயத்துக்காகவே உரிமம் பெற்ற நிலையங்களுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

நான்காவது, பணமும் ஆளும் பற்றிய காரணம். ஐந்தாறு பேர் நடத்தும் நிலையம் செய்தியாளருக்கு எங்கே போகும்? இது நடைமுறைக் கேள்வி. இதற்கு நடைமுறை விடைகள் உண்டு. பிரிட்டனில் பிபிசி தன் உரிமக் கட்டணப் பணத்திலிருந்து சுமார் 165 செய்தியாளர்களுக்குச் சம்பளம் தருகிறது. அவர்கள் உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களில் இருந்துகொண்டு, நகர, மாவட்ட மன்றக் கூட்டங்களைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தச் செய்திகளைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டின் பொது ஒலிபரப்புச் சட்டம், அரசு நிதியை நிலையங்களிடம் நேரே கொடுக்காமல் இடையில் ஒரு தனிக் கழகத்தை வைத்தது. அந்த நிதியைப் பெறும் நிலையங்கள் தலையங்கக் கருத்துச் சொல்லக்கூடாது என்றிருந்த தடையையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984இல் நீக்கிவிட்டது. அரசின் பணத்தை வாங்குவதால் ஒரு நிலையம் தன் குரலை விற்றுவிட்டதாகப் பொருளில்லை என்பதே அதன் சாரம். ஆனால் அமெரிக்கா ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கழகமும் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. பெருநகர நிலையங்கள் நன்கொடையால் தாக்குப்பிடிக்கும். அலாஸ்காவில், சாலையே எட்டாத பெத்தல் என்ற சிற்றூரில் யுப்பிக் மொழியிலும் செய்தி சொல்லும் கே.ஒய்.யு.கே. போன்ற நிலையங்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி அந்த நிதியாகவே இருந்தது. ஆகவே ஒரே வாசலில் கையேந்தும் நிலை கூடாது. நம் நாட்டில் 2024இல் சமுதாய வானொலிக்கு விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தப்பட்டது நல்லது. ஆனால் அந்த விளம்பரத்தில் அரசு விளம்பரமே மிகுந்தால், கேள்வி கேட்கும் நாவு தானே அடங்கிவிடும்.

எனவே செய்ய வேண்டியவை எவை என்று தொகுத்துச் சொல்கிறேன். சமுதாய வானொலிக் கொள்கையிலிருந்து செய்தித் தடை நீக்கப்பட வேண்டும். ஒரே நாளில் முடியாதென்றால், முதற்படியாகக் கிராம சபை, ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றக் கூட்டங்களையும், தம் தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் எழுப்பிய கேள்விகளையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் செய்தியாகச் சொல்ல உடனே அனுமதி தரலாம். இவை எல்லாமே பொது ஆவணங்கள். புகார்களை விசாரிக்கும் பொறுப்பை அமைச்சகத்திடமிருந்து எடுத்து, 1995 தீர்ப்பு காட்டிய வழியில், எல்லாத் தரப்பினரும் இடம்பெறும் சுதந்திரமான ஓர் ஆணையத்திடம் தர வேண்டும். நிலையங்களுக்கு உதவும் நிதியம் ஒன்றில் ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, நேயர் நன்கொடை என நான்கு வழியிலும் பணம் சேர வேண்டும். எவரும் தனியாக நிறுத்திவிட முடியாதபடி அது அமைய வேண்டும். அகில இந்திய வானொலியின் மாநிலச் செய்திப் பிரிவுகளும் மாவட்டந்தோறும் செய்தியாளரோடு வலுப்பெற வேண்டும். பெரிய நிலையமும் சிறு நிலையமும் ஒன்றையொன்று நிறைவுசெய்ய முடியும். பல்கலைக்கழகங்களுக்கும் இதில் கடமை உண்டு. இதழியல் துறைகளும் வளாக வானொலிகளும் உள்ள நம் கல்வி நிறுவனங்கள், ஊராட்சி வரவுசெலவை வாசிக்கவும் அரசாணையைப் புரிந்துகொள்ளவும் ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தரலாம். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

வாக்குரிமை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுவது. அதை அறிந்து பயன்படுத்த, இடைப்பட்ட நாள்களில் தம் பெயரால் என்ன முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். தம் மொழியில், தம் வட்டாரப் பேச்சில், எழுத்தறியாதவர்க்கும் எட்டும் வகையில், எளிய விலையில் தெரிய வேண்டும். இந்த நான்கு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும் ஊடகம் இன்றும் வானொலிதான். பதினெட்டு வயதான ஒருவரை நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவர் என்று நம்பும் அரசியலமைப்பு, தம் ஊர் வானொலியில் அந்த ஆட்சியைப் பற்றிய செய்தியைச் சொல்லவும் கேட்கவும் அவர் தகுதியற்றவர் என்று நினைப்பதற்கு நியாயமில்லை. வானலை மக்களின் சொத்து என்று நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தச் சொத்தை உரியவர்களின் கையில் ஒப்படைக்கும்படி கேட்பது நம் உரிமை. அதை விடாமல் கேட்பது, படித்தவர்கள் கூடியிருக்கும் இத்தகைய அவைகளின் கடமை.